எப்போது கணக்கிடுவது? ஹாஸ்கெலின் சோம்பலும் அதற்குக் கொடுக்கும் விலையும்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்க வருபவர்கள், செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மோனாட் என்ற அமைப்பைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். மோனாடுக்கு எழுதப்பட்ட விளக்கங்களைத் தொகுத்தால் ஒரு நூலகமே வைக்கலாம். ஆனால் அந்த மொழியில் உருப்படியான நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டவரை முதலில் வாட்டுவது மோனாட் அல்ல, நினைவகம். இருபது வரி நிரல். சிறிய கோப்பில் நொடியில் விடை தருகிறது. பெரிய கோப்பைக் கொடுத்ததும் கணினியின் நினைவகத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு திணறுகிறது. காரணம் தேடிப் போனால் கிடைக்கும் பதில், ஒரு கோவை, அதாவது 2 + 3 போல நிரலில் எழுதிய ஒரு கணக்கு, எப்போது கணக்கிடப்படுகிறது என்ற கேள்வியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதே கேள்வியைத்தான் கோட்பாட்டாளர்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹாஸ்கெலில் நடைமுறைச் சிக்கல் வேறு, கோட்பாட்டுச் சிக்கல் வேறு என்று பிரிப்பது பெரும்பாலும் பொய்யான பிரிவு என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே அது தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டை அருகிருந்து பார்ப்போம். ஓர் உரைக்கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். சொல்லையும் எண்ணிக்கையையும் இணைத்து வைக்க 'மேப்' என்ற அமைப்பு இருக்கிறது. சொற்களின் பட்டியலை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்து, மேப்பில் அந்தச் சொல்லுக்கு நேரே ஒன்றைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இப்படிப் பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் சார்பின் பெயர் ஃபோல்டுஎல். அதை அப்படியே பயன்படுத்தினால் ஆபத்து என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். விடையை யாராவது கேட்கும்வரை ஹாஸ்கெல் எதையும் கணக்கிடாது. இந்த இயல்பைத்தான் சோம்பல் என்கிறார்கள். 1 முதல் 4 வரை கூட்டச் சொன்னால் ஃபோல்டுஎல் 1, 3, 6, 10 என்று போவதில்லை. ((((0 + 1) + 2) + 3) + 4) என்ற கணக்கை எழுதி வைத்துவிட்டு, யாராவது விடையைக் கேட்கும்வரை காத்திருக்கிறது. மளிகைக் கடைக்காரர் அன்றன்று காசு வாங்காமல் பற்று நோட்டில் எழுதிக்கொண்டே போவது போல. நான்கு எண்களுக்குப் பரவாயில்லை. பத்து லட்சம் எண்கள் என்றால் நினைவகத்தில் பத்து லட்சம் நிலுவைகள் நிற்கும். இந்த நிலுவைக்கு ஹாஸ்கெல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'தங்க்'.

ஆகவே ஃபோல்டுஎல்லுக்குப் பதில் ஃபோல்டுஎல்-பிரைம் பயன்படுத்து என்பது நிலையான அறிவுரை. அது ஒவ்வொரு படியிலும் இடைவிடையைக் கணக்கிட்டுவிடும். சொல் எண்ணும் நிரலில் அதையே போடுகிறோம். நினைவகம் அப்போதும் வீங்குகிறது!

பலரும் மனம் தளர்ந்துபோகும் இடம் இது. தளர வேண்டியதில்லை, விடை மிகத் தெளிவானது. ஃபோல்டுஎல்-பிரைம் இடைவிடையைக் கணக்கிடுகிறது, ஆனால் அதன் வெளி உருவம் தெரியும் அளவுக்கு மட்டும்தான். இங்கே இடைவிடை என்பது ஒரு மேப். மேப்பின் உச்சிக் கணு இன்னது என்று தெரிந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்தக் கணுக்களுக்குள் இருக்கும் எண்ணிக்கைகளை அது தொடுவதே இல்லை. 'ஒரு' என்ற சொல் ஐந்து லட்சம் முறை வந்தால், அதற்கு நேரே 500000 என்ற எண் இருக்காது, (1 + (1 + (1 +...))) என்று ஐந்து லட்சம் தங்குகளின் சங்கிலி இருக்கும். கணக்கிட்டு முடித்த ஒரு முழு எண்ணுக்கு 64 பிட் கணினியில் 16 பைட் போதும். சங்கிலியோ கோப்போடு சேர்ந்து வளர்கிறது. தீர்வு ஒரே வரி: மேப்பின் சோம்பல் வடிவத்துக்குப் பதிலாக உடனுக்குடன் கணக்கிட்டுவிடும் கண்டிப்பான வடிவத்தை இறக்குமதி செய்வது. இரண்டும் ஒரே நூலகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன, பெரும்பாலான சார்புகளின் பெயர்கூட ஒன்றுதான். அந்த ஒரு வரியை அறிவுரையாக மனப்பாடம் செய்தவர் அடுத்த நிரலில் வேறு ஓர் இடத்தில் விழுவார். 'வெளி உருவம் வரை' என்ற கருத்தைப் புரிந்துகொண்டவர் விழமாட்டார்.

இத்தனை தொல்லை தரும் சோம்பலை யார் விரும்பிச் சேர்த்தார்கள்? விரும்பிச் சேர்த்தார்கள் என்பது மட்டுமல்ல, அதற்காகவே இந்த மொழி பிறந்தது. 1976இல் ஹெண்டர்சனும் மாரிஸும் ஒரு பக்கம், ஃப்ரீட்மனும் வைஸும் மறுபக்கம், கேட்டால் மட்டும் கணக்கிடும் முறையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள். டேவிட் டர்னர் அதே காலத்தில் தன் மொழிகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1987 செப்டம்பரில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்டில் சார்பு நிரலாக்க மாநாடு நடந்தபோது, இந்த வகையில் மட்டும் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஆளுக்கொரு மொழி, யாருக்கும் போதிய பயனர்கள் இல்லை. பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று ஒரு குழு அங்கே உருவானது. டர்னரின் மிராண்டாவையே அடித்தளமாகக் கொள்ளலாம் என்று கேட்டார்கள், அவர் இசையவில்லை. 1990 ஏப்ரல் 1 அன்று ஹாஸ்கெலின் முதல் அறிக்கை வெளியானது. தர்க்க அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயர் மொழிக்கு வந்தது.

அந்தக் குழுவில் இருந்த ஜான் ஹியூஸ், சோம்பலின் பயன் என்ன என்பதை 1989இல் அச்சான தம் கட்டுரையில் வாதிட்டிருந்தார். சுருக்கமாகச் சொன்னால்: ஒரு வேலையை 'உருவாக்குவது', 'தேர்ந்தெடுப்பது' என்று இரண்டு தனி நிரல்களாகப் பிரிக்க முடியும், பிரித்ததற்காக வீண் வேலை செய்ய வேண்டியிராது. ஒரு பட்டியலின் மிகச் சிறிய எண் வேண்டுமா? வரிசைப்படுத்து, முதலாவதை எடு. வேறு மொழியில் இப்படி எழுதினால் முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்திய பிறகே முதல் எண் கையில் வரும். ஹாஸ்கெலின் வரிசைப்படுத்தும் சார்பு, முதல் எண்ணைக் கேட்டால் அதை எடுத்துத் தரத் தேவையான ஒப்பீடுகளை மட்டும் செய்கிறது. பட்டியலின் நீளத்துக்கு நேர்விகிதத்தில் வேலை முடிந்துவிடுகிறது. முதல் பத்து எண்கள் வேண்டும் என்றால் அதற்கும் அதே சார்பு போதும். எத்தனை எண்கள் வேண்டும் என்பதை வரிசைப்படுத்துபவர் அறிய வேண்டியதே இல்லை. சோம்பலின் முழு அழகும் இந்த ஒரு வரியில் இருக்கிறது, இதைப் பார்த்த பின் அதை வெறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சோம்பலுக்கு இன்னொரு விளைவும் இருந்தது. தொடங்கியவர்கள்கூட அதன் முழு வீச்சை முன்கூட்டிக் கண்டிருக்கமாட்டார்கள். எப்போது கணக்கிடப்படும் என்று தெரியாத மொழியில், திரையில் அச்சிடுவது போன்ற செயலை ஒரு சார்புக்குள் ஒளித்து வைக்க முடியாது. எது முதலில் அச்சாகும், எது அச்சாகாமலே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே பக்கவிளைவுகளை மொழியிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். கண்டிப்பான மொழிகளை வடிவமைத்தவர்களுக்கு 'இந்த ஓர் இடத்தில் மட்டும்' என்று சலுகை கொடுக்கும் சபலம் எப்போதும் இருந்தது. ஹாஸ்கெல் குழுவுக்கு அந்த வழியே அடைபட்டிருந்தது. அந்தக் குழுவில் இருந்த சைமன் பெய்டன் ஜோன்ஸ் 2003இல் ஆற்றிய உரையில் இதைத்தான் வலியுறுத்தினார்: சோம்பலின் பெரிய நன்மை, அது தங்களைத் தூய்மையாக இருக்க வைத்ததே. தூய்மையாக இருந்தபடி வெளியுலகோடு பேசுவது எப்படி? முதல் பதிப்பில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் முடிவற்ற பட்டியல்களாகக் கொண்டு சமாளித்தார்கள். கையாளக் கடினமான ஏற்பாடு அது. யூஜினியோ மோகி 1989இல் கணிப்புகளின் பொருளை விளக்க கேட்டகரி தியரி என்ற கணிதப் பிரிவிலிருந்து மோனாடைக் கொண்டுவந்தார். ஃபிலிப் வாட்லர் அதை நிரலர்கள் கையாளும் கருவியாக மாற்றிக் காட்டினார். 1996இல் வந்த ஹாஸ்கெல் 1.3 மோனாட் வழி உள்ளீடு-வெளியீட்டை ஏற்றது. ஆக, புதியவர்கள் அஞ்சும் மோனாடே 'எப்போது' என்ற கேள்வியின் பிள்ளைதான். பிள்ளையை முதலில் அறிமுகப்படுத்திவிட்டுத் தாயைப் பிறகு காட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

ஒரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். ஹாஸ்கெல் அறிக்கை 'சோம்பலாகக் கணக்கிடு' என்று எங்கும் கட்டளையிடவில்லை. விடைக்குத் தேவைப்படாத உள்ளீடு முடிவில்லாமல் ஓடினாலும், பிழையாக இருந்தாலும், விடை வந்தாக வேண்டும் என்பதே அதன் விதி. எந்த வரிசையில் கணக்கிடுவது என்பது, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரின் உரிமை. முதல் குழுவில் இருந்த எம்ஐடி பேராசிரியர் அர்விந்த், கான்பூர் ஐஐடியில் படித்தவர். அவரும் ரிஷியூர் நிகிலும் ஹாஸ்கெலின் இலக்கணத்தை வைத்துக்கொண்டே பிஎச் என்ற இணைவழி மொழியை உருவாக்கினார்கள். அதில் கோவைகள் யாரும் கேட்கக் காத்திராமல் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். ஆனாலும் தேவைப்படாத ஒன்று நின்றுபோனால் விடை தடைபடாது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலரும், அதாவது ஜிஎச்சியும், இந்த உரிமையைப் பயன்படுத்துகிறது. ஒரு சார்பு தன் உள்ளீட்டை எப்படியும் கேட்கப்போகிறது என்று நிறுவ முடிந்தால், தங்க் கட்டாமல் உடனே கணக்கிட்டுவிடுகிறது. இதை நிறுவும் முறைக்கு ஆலன் மைக்ராஃப்ட் 1980களின் தொடக்கத்திலேயே வழிகாட்டியிருந்தார். இப்படி வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்த நிரல் சீராக ஓடுவதும், அதே நிரல் ஊடாடும் முனையத்தில் வீங்கிப்போவதும் இதனால்தான். நல்ல உதவி, ஆனால் அது நிரூபிக்க முடிந்த இடத்தில் மட்டும் கிடைக்கும் உதவி. நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்து, நிரூபணம் கைநழுவிப் போனால், முந்தைய நாள் வரை இல்லாத நினைவக ஓட்டை, அதாவது நினைவகம் வீணாக வீங்கும் இடம், இன்று திறந்துகொள்ளும்.

எனவே நிரலருக்குத் தன் கையில் ஒரு நெம்புகோல் வேண்டும். அதுதான் 'சீக்' என்ற சார்பு. இரண்டு உள்ளீடுகள்: முதலாவதை வெளி உருவம் வரை கணக்கிடு, பிறகு இரண்டாவதைத் திருப்பிக் கொடு. ஃபோல்டுஎல்-பிரைம் உள்ளே செய்வதும் இதையே. இவ்வளவு எளிய ஒன்று கோட்பாட்டின் அடிவாரத்தையே அசைத்துவிடுகிறது.

முடிவே காணாத, அல்லது பிழையில் முடியும் கணக்கைக் கோட்பாட்டாளர்கள் ⊥ என்று குறித்து 'பாட்டம்' என்பார்கள். இப்போது இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சார்பாக இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் ⊥. மற்றது, எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் ⊥ஐத் திருப்பித் தரும் உண்மையான சார்பு. ஒரு சார்பை அழைத்துப் பார்ப்பது மட்டுமே சோதனை என்றால் இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. சீக் இருந்தால் முடியும்: முதலாவதில் நிரல் மடியும், இரண்டாவதில் தப்பும். உடனே ஒரு விதி சரிகிறது. எதையும் மாற்றாத சார்பை ஓர் அமைப்பின் மீது செலுத்தினால் அமைப்பு மாறக்கூடாது என்பது, உள்ளிருப்பவற்றின் மீது சார்பைச் செலுத்தக்கூடிய அமைப்பான ஃபங்டரின் முதல் விதி. சார்புகளையே அமைப்பாகக் கொண்ட ஃபங்டரில், ⊥ மீது அப்படிச் செலுத்தினால் கிடைப்பது ⊥ அல்ல, ஓர் உண்மையான சார்பு. ஹாஸ்கெலின் டைப்புகளும், அதாவது தரவு வகைகளும், சார்புகளும் சேர்ந்தால் கேட்டகரி தியரி வகுக்கும் ஒரு கேட்டகரி கிடைக்கும் என்று பாடப்புத்தகங்கள் எளிதாகச் சொல்லிச் செல்வது, கண்டிப்பாகப் பார்த்தால் உண்மையல்ல.

இது வெறும் தத்துவச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 1989இல் வாட்லர் காட்டியது: ஒரு சார்பின் டைப்பை மட்டும் பார்த்தே அதைப் பற்றிச் சில தேற்றங்களை இலவசமாகப் பெறலாம். எந்த வகைப் பட்டியலையும் வாங்கி அதே வகைப் பட்டியலைத் தரும் சார்பு, உறுப்புகளை இடம் மாற்றலாம், விடலாம், திரும்ப எடுக்கலாம். அவற்றை உற்றுப் பார்க்க முடியாது. இந்த வாதத்தின் மீதுதான் ஜிஎச்சியின் முக்கியமான ஓர் ஆப்டிமைசேஷன் நிற்கிறது. ஒரு சார்பு பட்டியலைக் கட்டுகிறது, அடுத்தது அதை உண்கிறது என்றால், நடுவில் பட்டியலே இல்லாமல் இரண்டையும் ஒட்டிவிடலாம். 1993இல் கில், லாஞ்ச்பரி, பெய்டன் ஜோன்ஸ் மூவரும் எழுதிய முறை இது. ஆனால் சீக் எந்த வகைப் பொருளையும் தொட்டுப் பார்க்க வல்லது. பட்டியலைக் கட்டும் வேலையைச் சீக்கிடமே ஒப்படைத்துவிட்டு, உண்ணும் சார்பாக ⊥ஐ வைத்தால், ஒட்டுவதற்கு முன் ஒழுங்காக விடை தந்த நிரல் ஒட்டிய பின் மடிகிறது. கம்பைலரின் ஆப்டிமைசேஷன் நிரலின் பொருளை மாற்றிவிட்டது! யாரும் அப்படி எழுதமாட்டார்கள் என்பதால் ஜிஎச்சி அதைத் தொடர்ந்து செய்கிறது. பட்ரீஷியா ஜோஹனும் யானிஸ் ஃபொய்க்ட்லெண்டரும் 2004இல், சீக் உள்ள மொழியில் எந்தத் தேற்றங்கள் எந்த நிபந்தனையோடு நிற்கும் என்று வரையறுத்துக் கொடுத்தார்கள்.

சீக்கைக் கட்டுக்குள் வைக்க முயலாமல் இல்லை. ஹாஸ்கெல் 1.3இல் அது ஒரு தனி டைப் கிளாஸின், அதாவது குறிப்பிட்ட சார்புகள் பொருந்தும் டைப்புகளின் தொகுப்பின், உறுப்பாக இருந்தது. எந்தச் சார்பு பொதுவான ஒரு பொருளைத் தொட்டுக் கணக்கிடுகிறதோ, அதன் டைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கும். இலவசத் தேற்றங்களுக்கு ஆபத்து வந்தால் கண்ணுக்குத் தெரியும். அறிவுக்கு இதமான ஏற்பாடு. ஆனால் நினைவக ஓட்டை தேடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று தெரியாமல் அவர் ஆழத்தில் இருக்கும் ஒரு சார்பில் சோதனைக்காக ஒரு சீக்கைச் சேர்க்கிறார். அதன் டைப் மாறுகிறது. அதை அழைப்பவற்றின் டைப் மாறுகிறது. அவற்றை அழைப்பவற்றின் டைப்பும் மாறுகிறது. சோதனை பலிக்கவில்லை என்று சீக்கை எடுத்தால் எல்லாவற்றையும் திரும்பவும் மாற்ற வேண்டும். இந்த அவதியைக் கண்ட பின், ஹாஸ்கெல் 98இல் டைப் கிளாஸை நீக்கிவிட்டு, எந்த டைப்புக்கும் பொருந்தும் சாதாரணச் சார்பாகச் சீக்கை வைத்துவிட்டார்கள். கோட்பாட்டின் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்து ஓட்டை அடைக்கும் வசதியை வாங்கினார்கள், தெரிந்தே. அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். அதே சமயம் அது என்னவென்று அறியாமல் ஹாஸ்கெல் நிரல்கள் கணிதம் போல நூறு விழுக்காடு சமன்பாடுகளுக்குக் கட்டுப்பட்டவை என்று புதியவர்களிடம் சொல்வது நேர்மையல்ல.

பிறகு சமன்பாடுகளை நம்பி நிரலை மாற்றி எழுதுவது தவறா? நீல்ஸ் ஆண்டர்ஸ் டானியெல்சன், ஹியூஸ், பேட்ரிக் யான்சன், ஜெரமி கிப்பன்ஸ் ஆகிய நால்வரும் 2006இல் இதற்கு நிம்மதி தரும் பதிலை நிறுவினார்கள். ⊥ என்பதே இல்லாத ஒரு நல்லுலகில் இருப்பதாகப் பாவித்துச் சமன்பாடுகளைக் கையாண்டு, இரண்டு நிரல்கள் சமம் என்று காட்டுங்கள். அந்த நிரல்கள் உண்மையிலேயே எப்போதும் முடிவுக்கு வருபவை என்றால், ⊥ உள்ள நிஜ உலகிலும் அவை சமம்தான். ஹாஸ்கெல் நிரலர்கள் அன்றாடம் கண்ணை மூடிக்கொண்டு செய்வதற்கு இப்படி ஓர் எல்லையும் நியாயமும் கிடைத்தன.

நடைமுறைப் பக்கமும் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. ஹாஸ்கெல் நிரலர் நீல் மிட்செல் சொன்ன ஓர் உத்தி எளிமையானது: பாதியில் நிற்கும் கணக்குகளை வைக்கும் 'அடுக்கு' என்ற நினைவகப் பகுதிக்கு ஒரே ஒரு கிலோபைட் வரம்பு வைத்து நிரலை ஓட்டிப் பாருங்கள். நீளமான தங்க் சங்கிலி எங்கேனும் அவிழ்க்கப்பட்டால் அடுக்கு நிரம்பி நிரல் அங்கேயே நின்றுவிடும். எங்கே நின்றது என்று பார்த்தால் ஓட்டை தெரியும். ஜிஎச்சியின் இயல்பான அடுக்கு வரம்பு கணினி நினைவகத்தின் 80 விழுக்காடு என்பதால், இந்தச் சோதனையைச் செய்யாதவருக்கு அறிகுறி வெகு தாமதமாகத்தான் வரும். கார்டானோ பிளாக்செயினுக்காக எழுதப்பட்ட நோதங்க்ஸ் என்ற நூலகம், நிரல் ஓடும்போதே ஒரு மதிப்புக்குள் எதிர்பாராத தங்க் ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்கிறது. 2016இல் வந்த ஜிஎச்சி 8.0, ஒரு கோப்பில் வரையறுக்கும் டைப்புகளின் உறுப்புகள் எல்லாம் கண்டிப்பானவை என்று ஒரே வரியில் அறிவிக்க வழி செய்தது. வேறு சிலர் மொழியையே மாற்றிக்கொண்டார்கள்: ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தன் நிதிக் கணக்குகளுக்கு உருவாக்கிய மியூ கண்டிப்பான ஹாஸ்கெல், பியூர்ஸ்கிரிப்டும் இட்ரிஸும் ஹாஸ்கெலின் வாரிசுகள், இரண்டுமே இயல்பாகக் கண்டிப்பானவை. ஃபேஸ்புக் நிறுவனமோ தன் சிக்மா என்ற வேண்டாச்செய்தித் தடுப்பு அமைப்புக்கு ஹாஸ்கெலையே எடுத்துக்கொண்டது. நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை அது கையாள்வதாக 2015இல் அறிவித்தார்கள். சோம்பல் என்றால் மெதுவானது என்ற பொது நம்பிக்கைக்கு அது ஒரு நல்ல மறுப்பு.

2024 மே மாதம் வெளியான ஜிஎச்சி 9.10இல் ஃபோல்டுஎல்-பிரைம், தனியாக இறக்குமதி செய்யத் தேவையின்றி எல்லா நிரல்களிலும் தானே கிடைக்கும் பெயர்களில் ஒன்றானது. முதல் அறிக்கைக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள். பழைய ஃபோல்டுஎல்லும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. அதை நீக்கினாலோ அதன் பொருளை மாற்றினாலோ, நடுவில் ⊥ வந்தும் இன்று விடை தரும் நிரல்கள் நின்றுபோகலாம்.

கற்பிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. தரவைக் கண்டிப்பாக வை, கட்டுப்பாட்டை சோம்பலாக வை: எண்ணிக்கைகள், நிலைகள், பதிவேட்டு உறுப்புகள் உடனே கணக்கிடப்படட்டும், பட்டியல்கள், தேடல் மரங்கள், வரிசைப்படுத்திய தொடர்கள் கேட்டால் வரட்டும். இதை மோனாடுக்கு முன்பாகவே, முதல் வாரத்திலேயே, அந்தச் சொல் எண்ணும் நிரலை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். மாணவர் முதலில் மேப்பின் சோம்பல் வடிவத்தை வைத்தே எழுதட்டும். பெரிய கோப்பில் ஓட்டி, நினைவக வரைபடத்தை எடுத்துப் பார்த்து, எந்தக் கணுவுக்குள் எந்தத் தங்க் நிற்கிறது என்று தாமே காகிதத்தில் வரையட்டும். பிறகு இறக்குமதி வரியை மாற்றச் சொல்லுங்கள்.